டேங்கர் லாரிக்கு ஒரு நிக்காஹ்

அன்பு மகனுக்கு, உன் அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தில் கருவாட்டு வாசம் அடித்தால் அது என் எழுத்தின் குற்றமில்லை. நம் தெரு காதர் பாய் லீவு முடிந்து நாளை மறுநாள் நீ வேலை பார்க்கும் ஊருக்கே விமானம் ஏறுகிறார். அவர் பெட்டியில் உனக்கென்று கிடைத்தது ஒரு முழம் இடம். அதற்குள் இடியாப்ப மாவு, எலுமிச்சை ஊறுகாய், நாகூரிலிருந்து உன் வருங்கால மாமியார் கொடுத்தனுப்பிய கருவாடு எல்லாவற்றையும் திணித்துவிட்டு, "உங்க லெட்டரு தட்டையாத்தானே இருக்கும், எங்கயாவது சொருவிக்கலாம்" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் என் பேச்சுக்கு உள்ள இடம் உனக்குத் தெரியாததல்ல.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்கு நிக்காஹ். பத்து நாளில் நீ ஊருக்கு வந்துவிடுவாய். வந்ததும் நேரில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பாய். வந்த பிறகு நீ மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் யாரும் உருப்படியாக ஒன்றும் பேச முடியாது, சட்டை அளவும் பிரியாணி அளவும்தான் பேசலாம். போனில் சொல்லலாமென்றால், நீ "சரித்தா, சரித்தா" என்று சொல்கிற வேகத்திலேயே நான் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை என்று தெரிந்துவிடுகிறது. அதோடு, நீ கிளம்புவதற்குள் இன்னும் எத்தனையோ ஷிஃப்ட் இருக்கிறது. என் பயமெல்லாம் அந்த ஷிஃப்டுகளைப் பற்றித்தான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ ஒரு வீடியோ போட்டாய். வெயில், பின்னால் பெரிய பெரிய டேங்குகள், நடுவில் ஒரு டேங்கர் லாரி, அதிலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ், பக்கத்தில் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நீ. முகத்தை மறைக்க வேண்டிய ஃபேஸ் ஷீல்டு தொப்பி மாதிரி நெற்றிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு வரி: "பார்ட்னர் சாப்பிடப் போயிட்டாரு. ஆசிட் லோடு சிங்கிளா முடிச்சாச்சு!" உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, புள்ள கறுத்துட்டான்ங்க" என்றாள். உன் மாமா இரண்டு புலி பொம்மை போட்டார். சம்பந்தி நாகூரிலிருந்து "மாஷா அல்லாஹ்" என்று எழுதினார். இன்னும் நாலு வாரம்தான் சிங்கிளாக எதையும் முடிக்க முடியும் என்று உன் சித்தப்பா மகன் கிண்டல் செய்தான். நான் மட்டும் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோஸ் மாட்டிய இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, கவசமில்லாத உன் முகம்.

உடனே உனக்குப் போன் செய்தேன். "தம்பி, ஆசிட் இறக்கும்போது தனியா நிக்கக் கூடாதுப்பா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்: "ஏன்த்தா, நீங்க அன்னைக்குத் தனியாத்தானே போயி வால்வை மூடினீங்க? அதுக்குத்தானே கடிகாரம் குடுத்தாங்க?" நான் "ஹலோ, ஹலோ, கேக்கலப்பா, டவர் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. அந்த டவர் நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஆலையில் எனக்குப் பரிசாகக் கொடுத்து, நம் வீட்டு ஹால் சுவரில் தொங்கிய அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உண்மையை உடனே சொல்லும் தைரியம் வரவில்லை. ஆகவே சிறிய முட்டாள்தனங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன், நீயும் பழகிக்கொள்.

நான் நன்னிலம் தாண்டி அந்தத் தவிட்டெண்ணெய் ஆலையில் சேர்ந்த முதல் மாதம். அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே திரவம் டீசல். நம் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு டீசல் மாற்றுவது எப்படி? டியூபின் ஒரு முனை பேரலில், மறுமுனை வாயில், ஒரு உறிஞ்சு, ஒரு துப்பு, வேலை முடிந்தது. ஊரில் எல்லா ஆம்பிளைகளும் டீசல் ருசி தெரிந்தவர்கள். ஆலையில் எண்ணெயைச் சுத்தம் செய்ய காஸ்டிக் சோடா கரைசல் வரும். ஒரு பேரலிலிருந்து இன்னொன்றுக்கு அதை மாற்று என்றார்கள். பம்பு எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, ஒரு டியூபை எடுத்து விட்டு மறுமுனையை உதட்டருகே கொண்டுபோய்விட்டேன். சூப்பர்வைசர் பாய்ந்து வந்து டியூபைப் பிடுங்கினார். "என்னய்யா பண்றே?"

"டீசல் இப்படித்தான் சார் எடுப்போம்."

"நம்ம ஆலையில எண்ணெயோட இதச் சேர்த்தா என்ன ஆவுதுன்னு பாத்தியா?"

"சோப்பு ஆவுது சார்."

"உன் வயித்துக்குள்ளயும் அதான் ஆவும். உன்னையும் கட்டி கட்டியா வெட்டி வித்துருவாங்க, போ."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வாயைப் பத்துத் தடவை கொப்பளித்த பிறகுதான் சோற்றில் கை வைத்தேன்.

அதில் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. கல்யாணமான புதிதில், சாக்கடை அடைப்புக்கு நல்லது என்று கொஞ்சம் காஸ்டிக்கை ஒரு கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அடுப்படி மூலையில் வைத்தேன். நல்ல வெயிலில் உன் மாமா வந்தார். வந்தவர் யாரையும் கேட்காமல் அந்த பாட்டிலை எடுத்துத் திறக்கப் பார்த்தார். மூடி இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத் திறக்கப் போனவரை உன் அம்மா பார்த்துவிட்டு அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கூரை ஏறின. நம் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் உன் மாமா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று நீ கேலி செய்வாயே, அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்தான். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக்கூடாததை ஊற்றாதே. பேர் எழுதாத பாத்திரத்தில் எதையும் ஊற்றாதே. ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இது மட்டும் எனக்கு மறந்ததே இல்லை, ஏனென்றால் முதலில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், அப்புறம்தான் நாற்று இறங்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

எங்கள் ஆலையில் அப்போது ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒழுகுவது எல்லாவற்றுக்கும் "தண்ணி" என்றுதான் பேர். காஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணி. சல்ஃபூரிக் ஆசிட் என்றால் சுடுதண்ணி. இரண்டு டேங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் ஒரே நிறம், இரண்டின் குழாயும் ஒரே அளவு. அன்று காலை சூப்பர்வைசர் என்னிடம், "இன்னைக்குத் தண்ணி லோடு வரும், இறக்கிக்க" என்றார். காஸ்டிக் டேங்கு தீர்ந்துபோய் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஆகவே வருவது சோப்புத் தண்ணி என்று நானே முடிவு செய்துகொண்டேன். லாரியும் வந்தது. உள்ளே நிறுத்திவிட்டு டிரைவர் சாப்பிடப் போய்விட்டார். வாட்ச்மேன் கேட்டில் பதிவு செய்துவிட்டுக் குரல் கொடுத்ததும் இறக்கலாம் என்று காத்திருந்தேன்.

அதே நாளில்தான் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு வர வேண்டும். காலையிலிருந்தே ஆலையில் யாருக்கும் வேலையில் மனசில்லை. முதல் தண்ணீரில் தூவப் பூவும் நெல்லும் முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். மதியம் வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஒரே கத்தாகக் கத்தினார்: "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு! தொறந்து விடுங்க!"

அவர் சொன்னது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, பெரிய கேட்டைத் திறந்து விடுங்கள், எல்லோரும் போய்ப் பார்க்கலாம் என்று. எனக்குக் கேட்டது, லோடு வந்துவிட்டது, வால்வைத் திறந்து விடு என்று. பேப்பரைப் பார்க்கவில்லை. லாரியில் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. காஸ்டிக் டேங்கில் ஹோஸை மாட்டினேன், லாரி வால்வைத் திறந்தேன், எல்லோரோடும் சேர்ந்து வாய்க்காலுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். லோடு இறங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வந்தது. யாரோ கையில் கொடுத்த செவ்வந்திப் பூவை நானும் போட்டேன்.

லாரியில் இருந்தது ஆசிட்.

வாய்க்காலுக்குப் போகாமல் ஆலையில் இருந்தது ஒரே ஒரு ஆள். செல்வி அக்கா. வடிகட்டும் துணிகளை அலசுகிற வேலை அவருக்கு. அலசி முடிக்காமல் நகர மாட்டார். டேங்கு உறுமுகிற சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார். மூடி வழியாகப் புகை. குழாய் தொட முடியாத சூடு. கையிலிருந்த ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போய் லாரி வால்வைத் திருகி மூடினார். மூடும்போது ஹோஸ் வாயில் தெறித்தது அவருடைய இடது கையில் விழுந்தது. அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. எரிகிறது என்று தெரிந்ததும் துணி அலசுகிற குழாயைத் திறந்து அதன் அடியில் கையை நீட்டினார், நாங்கள் திரும்பி வரும் வரை எடுக்கவே இல்லை. அதனால்தான் கை பிழைத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டேங்கில் காஸ்டிக் கொஞ்சமாக இருந்ததாலும், ஆசிட் நிறையப் போவதற்குள் அவர் மூடிவிட்டதாலும் ஆலையும் பிழைத்தது.

மேலாளர் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். லோடு இறக்குபவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. "பெரிய ஆபத்த நிறுத்திட்டீங்க பாய்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லாரிக்காரர்கள் தவறான லோடைக் கொண்டுவந்து தானாகவே திறந்துவிட்டார்கள், நான் ஓடிப்போய் மூடினேன், பக்கத்தில் நின்ற செல்வி அக்கா கையில் தெறித்துவிட்டது என்று அவர் ஒரு கதையை மனதில் எழுதிவிட்டார். வேலையை விட்டு வாய்க்காலுக்கு ஓடியது எல்லோரும்தான், ஆகவே யாரும் அதை மறுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். உன் அம்மாவுக்கு அப்போது நான்கு மாதம். வேலை போய்விடும் என்று பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதமே ஒரு கூட்டம் போட்டுக் கடிகாரம் கொடுத்தார்கள். மேடையில் நான், கீழே வரிசையில் கையில் கட்டுடன் செல்வி அக்கா. கைதட்ட முடியாமல் வலது கையால் தொடையில் தட்டினார்.

அன்று சாயங்காலமே அவரிடம் போய் நின்றேன். "விடுங்க பாய்" என்றார். "புதுசாக் கல்யாணம் ஆனவரு, சம்சாரம் வேற முழுவாம இருக்காங்க. எனக்கெதுக்குக் கடிகாரம், ஆலைச் சங்கு ஊதுனா எந்திரிச்சுக்குவேன்." அவர் விட்டுவிட்டார், நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன். பிறகு நீ வளர்ந்தாய், கடிகாரத்தைக் காட்டி "இது ஏன்த்தா குடுத்தாங்க?" என்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொல்ல நான் கொஞ்சம் கொஞ்சமாக வீரனானேன். கடைசியாகச் சொன்னபோது புகைக்குள் பாய்ந்தேன் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

அதன் பிறகு ஆலையில் புது விதி வந்தது. லோடு இறக்க இரண்டு பேர் வேண்டும், பேரைச் சரிபார்க்க வேண்டும், படிவத்தில் எழுத வேண்டும். யாரும் மதிக்கவில்லை. படிவத்தில் டீ டம்ளர் வைத்தோம். அதை உருப்பட வைத்ததும் செல்வி அக்காதான். என் தங்கை நிக்காஹுக்கு வந்திருந்தார். மைக்கில் எல்லாம் கேட்டது: பெண்ணின் சம்மதத்தை வாங்கியாச்சா, சாட்சி யார் யார், மாப்பிள்ளை இன்னாரின் மகன் இன்னார், சபையறிய ஒப்புக்கொள்கிறாரா, அப்புறம் பள்ளிவாசல் பதிவேடான தஃப்தரில் கையெழுத்து. மறுநாள் வேலைக்கு வந்தவர் சொன்னார்: "உங்க கல்யாணத்துல ஆளு மாற வழியே இல்ல பாய். பேரச் சத்தமாச் சொல்றாங்க, சாட்சி வைக்கிறாங்க, அப்புறந்தான் கையெழுத்து. நம்ம லாரிக்கும் அப்படியே பண்ணிட்டா என்ன?"

அன்றிலிருந்து எங்கள் ஆலையில் லோடு இறக்குமுன் நடப்பதற்கு நிக்காஹ் என்றே பேர். லாரிதான் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை பேரு என்ன?" என்று செல்வி அக்கா கேட்பார், டிரைவர் பேப்பரைப் பார்த்து, தண்ணி என்று சொல்லாமல் முழுப்பேரைச் சொல்ல வேண்டும். "பொண்ணப் பாத்தாச்சா?" என்றால் டேங்கின் பேரையும், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஹெக்ஸேன் வரும்போது, தீப்பொறி வராமலிருக்க லாரிக்கு எர்த் கம்பி மாட்டுவோமே, அதற்கு "தாலி கட்டியாச்சா?" என்பார். "செல்வி அக்கா, எங்க கல்யாணத்துல கருகமணிதான்" என்று நான் ஒருநாள் திருத்தினேன். "லாரி முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்குது பாருங்க, அது எங்காளு" என்றார். வடக்கேயிருந்து வந்த ஒரு டிரைவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. செல்வி அக்கா பேரைப் படித்துக் காட்டிவிட்டு "நிக்காஹ்" என்றதும், அவர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், கடைசியில் மார்பில் கை வைத்து, நிக்காஹில் மாப்பிள்ளை சம்மதம் சொல்வதைப் போலவே "கபூல் ஹை" என்றார். ஆலையே அதிர்ந்து சிரித்தது. இத்தனை வருஷமாகச் சிரிக்கிறோம், இத்தனை வருஷமாக ஒரு லோடுகூட மாறியதில்லை.

உன் வீடியோவை நான் செல்வி அக்காவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. போனை வலது கையில் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். இடது கையில் அவர் வளையல் போடுவதில்லை, தழும்பில் உரசும். நீ கட்டை விரலை உயர்த்துகிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாட்சி எங்க பாய்?"

உன் பக்கத்தில் யாருமில்லை. நீ தனியாக நின்று சிரிப்பது தைரியம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நம் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த பொய் அது. நீ அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் கிளம்பினாய், அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். நீ வேலை செய்யும் டேங்க் டெர்மினலில் ஆயிரம் விதி எழுதி ஒட்டியிருப்பார்கள், நான் சொன்ன ஒரு கதை அதையெல்லாம் தோற்கடித்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மகனே, அதைவிடப் பயமாக இருக்கிறது.

நேற்று கடிகாரத்தைக் கழற்றினேன். சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை இடம். உன் அம்மா, "கல்யாண வீட்டுல சுவத்தக் கெடுத்துட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "என்னையக் காரணம் காட்டித்தானே வாய மூடுனீங்க, நானும் வரேன்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். இருவருமாகப் போனோம். செல்வி அக்கா கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

"ஓடுதா பாய்?"

"ஓடும். அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடும்."

"எங்கிட்ட வர்றதுக்கே இத்தன வருசம் லேட்டு. அஞ்சு நிமிசத்துல என்ன கெட்டுச்சு" என்றார். ஆனால் ஆணி அடித்து மாட்டும்போது, கடிகாரம் நேராக இருக்கிறதா என்று மூன்று தடவை தள்ளி நின்று பார்த்தார். உன் அம்மா அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது செல்வி அக்கா கேட்டார், "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" எழுதப் போகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

இதைப் படித்ததும் எனக்குக் கட்டை விரல் படம் அனுப்பாதே. "சரித்தா" என்றும் எழுதாதே. உன் அடுத்த லோடு அன்று, ஹோஸ் மாட்டுவதற்கு முன், உங்கள் இடத்தில் போன் வைத்திருக்க அனுமதியுள்ள பக்கம் வந்து நின்று, ஒரு குரல் பதிவு அனுப்பு. அதில் நீ அந்தத் திரவத்தின் பேரையும் டேங்கு நம்பரையும் சத்தமாகச் சொல். அப்புறம் உன் பார்ட்னரைச் சொல்லச் சொல். அவர் எந்த மொழியில் சொன்னாலும் பரவாயில்லை. முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு பேசினால் குரல் கொஞ்சம் அடைத்தமாதிரி கேட்கும், அப்படியே கேட்கட்டும், அதுதான் எனக்கு வேண்டும். உன் அம்மாவும் செல்வி அக்காவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கேட்போம். நிக்காஹ் அன்று நீ மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது செல்வி அக்கா முன் வரிசையில் இருப்பார், உன் முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

பதிவில் உன் குரல் மட்டும் கேட்டால், டவர் இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். திரும்பவும் போன் செய்வேன், இரண்டாவது குரல் கேட்கும் வரை.

உன் அத்தா.